கண்டெடுக்கப்பட்டாரா நகுலன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் கவிஞரும் நாவலாசிரியருமான நகுலனைப் பற்றிய கட்டுரையில், “வாழ்ந்த காலத்தில் யாரும் சீண்டாத நகுலனை இன்றைய தலைமுறைதான் கண்டெடுத்தது” என்று ஒரு வரி. எங்கிருந்து கண்டெடுத்தார்களாம், கீழடியிலிருந்தா?

அவருடைய ‘நினைவுப் பாதை’ நாவல் 1972இல் வந்தது. எங்கள் நண்பர் வட்டத்துக்கே ஒரு பிரதிதான். பழுப்புத்தாள் அட்டை போட்டுக் கைமாறிக்கொண்டே இருந்தது. பக்க ஓரத்தில் ஒருவர் பென்சிலால் ‘புரியவில்லை’ என்று எழுதியிருப்பார். அதன் கீழேயே இன்னொருவர் ‘மறுபடி படி’ என்று எழுதியிருப்பார். அந்தப் பிரதி இன்றும் என் அலமாரியில் இருக்கிறது. நாங்களெல்லாம் ஆள் கணக்கில் வரமாட்டோம் போலிருக்கிறது.

அன்று சீண்டாதவர்கள் யார் யார் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. வசனத்தை மடக்கி மடக்கி எழுதினால் கவிதையாகிவிடுமா என்று வகுப்பில் எங்களை மட்டம்தட்டிய பேராசிரியர்தான், நகுலன் நூற்றாண்டுக் கூட்டம் ஒன்றில் பொன்னாடையோடு தலைமை வகித்தார். பேச்சு முழுக்க நகுலனின் புகழ்பெற்ற அந்த ராமச்சந்திரன் கவிதை மட்டுமே. நாவல்கள் பக்கம் மறந்தும் போகவில்லை. கைதட்டல் மட்டும் பலமாக இருந்தது.

சிறுகதையாசிரியர் மௌனிக்கும் இதே கதிதான். அவரைச் சிறுகதையின் திருமூலர் என்றவர் புதுமைப்பித்தன். புதுமைப்பித்தன் மறைந்ததோ 1948இல். சக எழுத்தாளனுக்கு அப்போதே தெரிந்திருந்தது. பின்னால் வந்த விமர்சகர்கள் கொஞ்ச காலம் மௌனியைத் தலையில் வைத்து ஆடினார்கள், பிறகு தூக்கிப் போட்டு உடைத்தார்கள். மொத்தமே இருபத்துச் சொச்சம் கதைகள். அத்தனையையும் படித்துவிட்டுச் சண்டை போட்டவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

சி.சு. செல்லப்பா? 1959இல் ‘எழுத்து’ என்ற இலக்கிய இதழைத் தொடங்கி, புத்தக மூட்டையைத் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாக அலைந்த மனிதர். 1998இல் போய்ச் சேர்ந்தார். சாகித்திய அகாதெமி விருது வந்தது 2001இல். அதுவும் ஒரு கண்டெடுப்புதானே!

கட்டுரை எழுதிய தம்பி இளைஞர், அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அச்சுக்கு அனுப்பியது நீங்கள். உங்கள் இதழை விடாமல் வாங்கும் கிழங்கள் சிலர் இன்னும் உயிரோடு இருக்கிறோம் என்று ஒரு நிமிடம் நினைத்திருக்கலாம்.

போகட்டும். கட்டுரையோடு எடுத்துப் போட்ட நாவல் பகுதியின் கீழ் அது வெளிவந்த ஆண்டு இல்லை. பக்கத்திலிருந்த கோட்டோவியத்துக்கு ஓவியர் ஆதிமூலத்தின் பெயரும் இல்லை. அந்தக் கோடுகளை அடையாளம் தெரியாதவரா நீங்கள்? அடுத்த இதழில் இரண்டையும் ஒரு வரியில் போட்டுவிட்டால் போதும்.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர் ஒருவர்