பொம்மைக்குள் விளையாட்டு இல்லை, ஐயா

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு சிறுவர் பக்கத்தில் வீடியோ கேம் பொம்மைகளைப் பற்றி வந்த கட்டுரையில் ஒரு வரி: “விளையாட்டு முழுவதும் பொம்மைக்குள்ளேயே இருக்கிறது; டிவி அருகே வைத்தால் போதும்.” அச்சில் வந்தால் உண்மையாகத்தான் இருக்கும் என்று நம்புகிற சனங்கள் இந்தக் கரையில் இன்னும் இருக்கிறார்கள். அதனால் கீழக்கரையில் சில வீடுகளில் இப்போது பொம்மை இருக்கிறது, டிவி இருக்கிறது, விளையாட்டு மட்டும் இல்லை. அவர்கள் உங்கள் அலுவலகத்துக்கா வருவார்கள்? பழுதுபார்க்கும் மேசைக்குத்தான் வருகிறார்கள், “ஓடல, என்னான்னு பாத்துக் குடுங்க” என்று.

பொம்மையில் பழுது ஒன்றும் இல்லை. அடித்தட்டுக்குள் ஒரு சிறு சிப்பு, அதைச் சுற்றி மெல்லிய கம்பிச் சுருள், அவ்வளவுதான். பேட்டரி கிடையாது. கன்சோலோடு, அதாவது டிவியில் இணைக்கும் விளையாட்டுப் பெட்டியோடு, சேர்ந்து வேலை செய்யும் படிப்பான் மேடை ஒன்று உண்டு. 13.56 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் அந்த மேடையின் மேல் வைத்தால், அதன் மின்காந்தப் புலத்திலிருந்தே சிப்புக்கு மின்சாரம் கிடைத்து, தான் யார் என்று அது சொல்லும். ரேஷன் கார்டு மாதிரி: பெயரும் எண்ணும் பதிவும் கார்டில், அரிசி கடையில். இங்கே அரிசி என்பது டிஸ்க்கிலோ கன்சோலிலோ இருக்கும் ஆட்டம். நின்டெண்டோவின் அமீபோ பொம்மைக்குள் இருப்பது என்டேக் 215 என்ற சிப்பு. அதன் மொத்தக் கொள்ளளவு 540 பைட். யூனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட், ஆக 180 குறியீடு. புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனித்தனிக் கணக்கு. உங்கள் கட்டுரையின் முதல் பத்தியே அதற்குள் அடங்காது. முழு விளையாட்டும் அடங்கியது எப்படி என்று கட்டுரையாளர் ஒரு நாள் விளக்கினால் தெரிந்துகொள்கிறோம்.

இதைப் ‘புதிய அலை’ என்றும் எழுதியிருக்கிறீர்கள். எங்கள் கரைக்கு எதுவும் தாமதமாகத்தான் வரும் என்ற எண்ணமோ என்னவோ. இந்தப் பொம்மை ஆட்ட வகையில் ஸ்கைலாண்டர்ஸ் வந்தது 2011 அக்டோபரில். 2013இல் டிஸ்னி இன்ஃபினிட்டி, 2014 நவம்பரில் அமீபோ, 2015இல் லெகோ டைமென்ஷன்ஸ். டிஸ்னி 2016 மே மாதமே கைகழுவிவிட்டது. ஸ்கைலாண்டர்ஸின் கடைசி கன்சோல் ஆட்டம் அதே 2016இல். லெகோ 2017இல் நிறுத்தியது. 2018இல் வந்த ஸ்டார்லிங்க் விண்கலப் பொம்மைகளை அடுத்த வருடமே நிறுத்திவிட்டார்கள். தொடர்ந்து புதிதாக வந்துகொண்டிருப்பது முக்கியமாக அமீபோதான். கட்டுரையில் படம் போட்டதோ ஸ்கைலாண்டர்ஸ் பொம்மைக்கு!

தயாரிப்பு நின்றுவிட்டது என்றால் கிடைப்பதெல்லாம் கைமாறிய சாமான் என்று பொருள். சபுராளிகள், அதாவது வெளிநாட்டுக்குச் சம்பாதிக்கப் போனவர்கள், ஊருக்கு வரும்போது பெட்டியில் பொம்மை வருகிறது. டிஸ்க் வருவதில்லை, மேடை வருவதில்லை. வந்தாலும் ஜோடி சேராது. பொம்மைக்கு நாடும் கிடையாது, கன்சோல் பேதமும் கிடையாது; ஸ்கைலாண்டர்ஸ் பொம்மையை நின்டெண்டோ வீ கன்சோலில் வளர்த்து பிஎஸ்3 கன்சோலில் வைத்தாலும் தன் நிலையையும் காசையும் தொப்பியையும் கூடவே கொண்டுபோகும். மச்சான் வீட்டுக்குப் பையில் போட்டுக்கொண்டு போகலாம். இந்த ஆட்டம் அவ்வளவு பரவியதற்கு இதுவும் ஒரு காரணம். உங்கள் கட்டுரையில் இது ஒரு வரிகூட இல்லை.

மேடை அப்படியல்ல. எக்ஸ்பாக்ஸ் 360க்குத் தனி மேடை; மற்றதில் வேலை செய்யாது. ஸ்கைலாண்டர்ஸ் வரிசையிலேயே 2011 ஆட்டத்தின் மேடையில் 2013இல் வந்த ஸ்வாப் ஃபோர்ஸ் ஆட்டம் ஓடாது, ஏனென்றால் அந்தப் பொம்மைகள் இடுப்பில் இரண்டாகப் பிரியும், மேல்பாதிக்கும் கீழ்ப்பாதிக்கும் தனித்தனிச் சிப்பு. 2014இல் வந்த டிராப் டீம் ஆட்டத்துக்குப் ‘பொறி’ என்ற சிறு துண்டைச் செருக மேடையிலேயே துளை வேண்டும். பழைய பொம்மை புதிய ஆட்டத்தில் ஓடும், புதிய பொம்மை பழைய ஆட்டத்தில் பொதுவாக ஓடாது. வீ, பிஎஸ்3க்கு முதலில் வந்த கம்பியில்லா மேடைக்கு கன்சோலில் செருகும் ஒரு சிறு யுஎஸ்பி டாங்கிள் உண்டு. அது தொலைந்தால் மேடை வெறும் பிளாஸ்டிக். ‘உதிரிபாகங்கள் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும்’ என்று ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள். ராமேஸ்வரத்திலிருந்து ராத்திரி ரயில் ஏறிப் போகிறவரை நினைத்துப் பார்த்தீர்களா?

செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை. முதல் ஸ்கைலாண்டர்ஸ் பெட்டியில் 3 பொம்மை: மாயம், தொழில்நுட்பம், நீர். பஞ்சபூதம் மாதிரி ஆட்டத்தில் மொத்தம் 8 பிரிவுகள். கதையை மூன்றே பொம்மையால் முடித்துவிடலாம். ஆனால் வழியில் பூட்டிய வாசல்கள் வரும். அந்தந்தப் பிரிவின் பொம்மை இருந்தால்தான் திறக்கும். எல்லா வாசலையும் திறக்கக் குறைந்தது இன்னும் 5 வாங்க வேண்டும். பிள்ளை அழுவது அந்த வாசலில்தான்.

அமீபோ வாங்கியவர்களும் வருகிறார்கள். நின்டெண்டோ ஸ்விட்ச் கன்சோலின் ஜாய்கான் என்ற கைக் கன்ட்ரோலரில் வைப்பதானால், வலது ஜாய்கானின் குச்சி மேல்தான் பொம்மையை வைக்க வேண்டும். இடது ஜாய்கானில் படிப்பானே கிடையாது. மலிவான மாற்றுக் கன்ட்ரோலர்களில் பெரும்பாலும் இருக்காது. நின்டெண்டோவின் பழைய 3டிஎஸ் கைக்கன்சோல் என்றால் தனிப் படிப்பான் வேண்டும். முந்தைய சொந்தக்காரர் பெயர் ஏறியிருந்தால் ஸ்விட்ச் செட்டிங்ஸில் அமீபோ பகுதிக்குப் போய் அழிக்கலாம். ஆட்டம் எழுதும் பதிவு ஒரு நேரத்தில் ஒன்றுதான் பொம்மையில் தங்கும், அடுத்த ஆட்டம் எழுத வேண்டுமானால் முதலாவது போய்விடும். மாதக்கணக்கில் வளர்த்த வீரனை ஒரே அழுத்தில் துடைத்துவிட்டு வந்து நிற்கும் பிள்ளைகளுக்கு மேசையில் மருந்தில்லை.

“படிக்கவே மாட்டேங்குது” என்று வரும் மேடைகளில் முதலில் பார்க்க வேண்டியது அது எதன்மேல் இருந்தது என்பதை. எஃகு பீரோ, எஃகு டீப்பாய், எவர்சில்வர் தட்டு: உலோகம் அந்தப் புலத்தைக் குலைத்துவிடும். மரப்பலகையிலோ பாயிலோ வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். அடுத்தது, கம்பியில்லா மேடையில் செல் போடும் அறை. கடலை ஒட்டிய வீடுகளில், கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில், ஸ்பிரிங் துருப்பிடிக்காமல் இருந்தால்தான் அதிசயம். பொம்மைக்கு உப்புக்காற்று ஒன்றும் செய்யாது, அதன் செம்பு வெளியே தெரிவதில்லை. மேடைக்குத்தான் ஆபத்து. விளையாடி முடித்ததும் செல்லைக் கழற்றிவைத்தால் போதும்.

இந்த இடத்தில் பழைய கணக்கு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ‘செல் கசிந்தால் சோடா உப்புப் போட்டுத் துடையுங்கள்’ என்று உங்கள் வீட்டுக் குறிப்புப் பகுதியில் வந்தது. மலிவான கார்பன் செல் என்றால் சரி, அதன் கசிவு அமிலம். அல்கலைன் செல்லின் கசிவு காரம். அதற்கு இரண்டு சொட்டு வினிகரோ எலுமிச்சைச் சாறோ பஞ்சில் தொட்டுத் துடைத்து, பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் ஈரத்தை எடுக்க வேண்டும். எந்தச் செல் என்று சொல்லாத குறிப்பு எதற்கு? அதற்கு முன்பு, கடலில் விழுந்த போனை அரிசியில் புதைக்கச் சொன்னீர்கள். அரிசி உப்பை எடுக்குமா ஐயா? உடனே அணைத்து, நல்ல தண்ணீரில் அலசி, ஆல்கஹாலில் கழுவி, காயவைத்துக் கொண்டு வந்தால்தான் ஏதாவது செய்ய வாய்ப்பு உண்டு. அரிசியில் இரண்டு நாள் கிடந்த போன், திறக்கும்போதே பச்சை பூத்திருக்கும். மண்டபத்திலும் பாம்பனிலும் தொண்டியிலும் போன் விழுவது கிணற்றில் அல்ல, கடலில். இரண்டுக்கும் திருத்தம் எழுதி அனுப்பியும் வெளியாகவில்லை. இடநெருக்கடி என்று நானே நினைத்துக்கொண்டேன். புயல் வந்தால் எங்கள் ஊருக்கு முதல் பக்கத்தில் இடம் கிடைக்கிறது, அதற்கு நன்றி.

கேட்பது பெரிய விஷயமல்ல. அதே சிறுவர் பக்கத்தில், அதே எழுத்தளவில், ஒரு திருத்தம்: பொம்மை வாங்கும் முன் எந்த ஆட்டத்துக்கானது, அந்த ஆட்டத்தின் டிஸ்க் இருக்கிறதா, தங்கள் கன்சோலுக்கு உரிய மேடை இருக்கிறதா, டாங்கிள் கூடவே வருகிறதா என்று நான்கும் கேட்டுவிட்டுக் காசு கொடுக்கவும். வீயாக இருந்தால் டிஸ்க் எந்தப் பிரதேசத்துக்கானது என்று ஐந்தாவதாகவும் கேட்கலாம். துபாயில் வாங்கியதும் சிங்கப்பூரில் வாங்கியதும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும் என்று இல்லை. ராசிபலன் பக்கத்தில் மீனத்துக்கும் மேஷத்துக்கும் இடையில் இந்த அளவு வெற்றிடம் ஒவ்வொரு வாரமும் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகன்,
மின்னணுச் சாதனம் பழுதுபார்ப்பவன்,
கீழக்கரை.