கதிருக்கு, அந்தக் கீசரைப் பற்றி

அன்புள்ள கதிருக்கு,

பெங்களூரு வீட்டுப் படங்கள் எல்லாம் பார்த்தேன். சமையல்கட்டு நல்ல வெளிச்சமாக இருக்கிறது, மீனாவுக்குப் பிடித்திருக்கும். ஆனால் பாத்ரூம் படத்தைப் பார்த்த பிறகு வேறு எதைப் பற்றியும் எழுதக் கை வரவில்லை. கேஸ் கீசர் பாத்ரூமுக்குள்ளேயே மாட்டியிருக்கிறது. அதன் ட்யூப் சுவரில் போட்ட ஓட்டை வழியாகச் சமையல்கட்டுக்குப் போகிறது. அங்கே ஒரே சிலிண்டரிலிருந்து டி (ஒரு ட்யூபை இரண்டாகப் பிரிக்கும் இணைப்பு) போட்டு அடுப்புக்கும் கீசருக்கும் பிரித்திருக்கிறார்கள். முன்னால் குடியிருந்தவர்கள் செய்த வேலையாக இருக்கலாம். யார் செய்திருந்தாலும் இப்போது அங்கே குளிப்பது நீயும் மீனாவும் குழந்தையும்.

முதல் காரியமாக ரெகுலேட்டரை மூடிவிடு. ஏஜென்சி மெக்கானிக் வந்து அந்த டி-யை எடுத்து, அடுப்புக்கு மட்டும் தனி ட்யூப் போட்டுத் தரட்டும். அதுவரை சமையலுக்கு இண்டக்‌ஷன் அடுப்பு போதும்.

‘நாற்றமே இல்லையே அம்மா, எங்கேயும் கசியவில்லை’ என்று நீ சொல்வாய். கேஸுக்கு இயல்பாக மணம் கிடையாது. கசிந்தால் தெரியவேண்டும் என்றுதான் எத்தில் மெர்காப்டான் என்ற நாற்றப் பொருளைக் கலக்கிறார்கள். அதனால் சமையல்கட்டில் மூக்கு நமக்குக் காவல். கீசர் விஷயத்தில் அந்தக் காவல் உதவாது. அது ஒரு துளி கசியாமல் ஒழுங்காக எரிந்துகொண்டிருக்கும்போதே ஆளைக் கொல்லும். காற்று போதாத இடத்தில் கேஸ் அரைகுறையாக எரிந்தால் கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அதற்கு மணமோ நிறமோ எரிச்சலோ எதுவும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்காரவேண்டிய இடத்தில் அது போய் உட்கார்ந்துகொள்ளும். ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் பிடிப்பு அதற்கு.

கணக்குப் போட்டுப் பார். ஒரு கிலோ கேஸ் முழுதாக எரிய ஏறக்குறைய 13 கன மீட்டர் காற்று வேண்டும். நிமிஷத்துக்கு 6 லிட்டர் வெந்நீர் தரும் கீசர் முழு வேகத்தில் ஓடினால் மணிக்கு முக்கால் கிலோவுக்கு மேல் எரிக்கும். அடுப்பில் ஒரு பர்னர் எரிப்பதைப் போல அது ஐந்தாறு மடங்கு. ஐந்தடி அகலம், ஏழடி நீளம், எட்டடி உயரம் உள்ள பாத்ரூமில் இருக்கும் காற்றே 8 கன மீட்டர்தான். குளிருக்குப் பயந்து கதவையும் வென்டிலேட்டரையும் சாத்திக்கொண்டு இரண்டு பேர் அடுத்தடுத்துக் குளித்தால் என்ன மிச்சமிருக்கும்? இதில் காற்று தீரும்வரை காத்திருக்கவும் வேண்டாம், கொஞ்சம் குறைந்தாலே எரிவது கெட ஆரம்பித்துவிடும்.

தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், கால் தளர்ச்சி என்றுதான் அது தொடங்கும். வெந்நீர் ஆவியில் வந்த மயக்கம் என்று நினைத்துக் கொஞ்சம் உட்காரலாம் என்று தோன்றும். பிறகு தாழ்ப்பாளைத் திறக்க எழுந்தால் கால் நிற்காது. குழந்தைகள் வேகமாக மூச்சு விடுவதால் அவர்களுக்கு இன்னும் சீக்கிரம் ஏறிவிடும். யாராவது அப்படி விழுந்துவிட்டால் கதவைத் திறந்து, மூச்சை அடக்கிக்கொண்டு வெளிக்காற்றுக்கு இழுத்து வந்துவிட்டு 108-ஐக் கூப்பிடு. வருகிறவர்களிடம் ‘கேஸ் கீசர் ஓடிய பாத்ரூம்’ என்பதை முதல் வார்த்தையாகச் சொல். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இந்த விஷயத்தில் பொய் சொல்லும். கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் ஆக்சிஜன் ஏறிய ரத்தமாகவே அது காட்டும். 98 என்று வந்ததைப் பார்த்து ஆறுதல் அடைந்துவிடக் கூடாது.

எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறதே என்று வீட்டுக்காரர் சொல்லலாம். காற்று உள்ளே வர வழியில்லாத அறையில் ஃபேன் எதை இழுத்து வெளியே தள்ளும்? கரண்ட் போனால் ஃபேன் நின்றுவிடும். கீசர் பேட்டரியில் பற்றிக்கொள்வது, அது நிற்காது.

கேஸ் கீசர்தான் வேண்டும் என்றால் பின்பக்க யுட்டிலிட்டி பால்கனியில் மாட்டச் சொல். அதற்குத் தனிச் சிலிண்டர், தனி ரெகுலேட்டர், தனி ட்யூப். பாத்ரூமுக்குள் வரவேண்டியது வெந்நீர்க் குழாய் மட்டும். அதையும் சி.பி.வி.சி. குழாயாகப் போடச் சொல், சாதாரண பி.வி.சி. சூட்டில் இளகிவிடும். பால்கனிக்குக் கண்ணாடிக் கதவு போட்டு அடைத்துவிட்டால் அதுவும் இன்னொரு பாத்ரூம்தான், அதனால் திறப்பு எப்போதும் இருக்கட்டும். வருஷத்துக்கு ஒரு தரம் சர்வீஸ் செய்ய வேண்டும். உள்ளே இருக்கும் செம்புத் தகடுகளுக்கு நடுவே கரி அடைந்தால் புகை மேலே போக வழியில்லாமல், திறந்த இடத்தில்கூட எரிவது கெடும். ஜுவாலை மஞ்சளாகத் தெரிந்தால் அன்றைக்கே நிறுத்திவிடு. என்னைக் கேட்டால் குழந்தை உள்ள வீட்டுக்குக் கரண்ட் கீசரே போதும். மாற்றும்வரை அடுப்பிலோ இண்டக்‌ஷனிலோ வெந்நீர் வைத்து வாளியில் எடுத்துப் போங்கள். ஒரு வாரம் சிரமப்பட்டால் ஒன்றும் ஆகாது.

அடுத்தது அந்த ட்யூப். படத்தில் பச்சையாக இருக்கிறது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு ஏஜென்சியில் சுரக்‌ஷா ட்யூப் வாங்கு. ஆரஞ்சு நிறத்தில் இருக்கும், உள்ளே கம்பி வலை ஓடும், எலி கடித்தாலும் சட்டென்று ஓட்டை விழாது. ஐ.எஸ்.ஐ. முத்திரையும் தயாரித்த மாதம், வருஷமும் அதன் மேலேயே அச்சடித்திருக்கும். ஐந்து வருஷம்தான் அதன் ஆயுள். பார்க்கப் புதிதாக இருந்தாலும் மாற்றிவிட வேண்டும். நீளம் ஒன்றரை மீட்டரைத் தாண்டக் கூடாது. இரண்டு முனைகளையும் ரெகுலேட்டரிலும் அடுப்பிலும் நீட்டிக்கொண்டிருக்கும் நாசிலில் கடைசிவரை ஏற்று. ஏறவில்லை என்று தீயில் காட்டி இளக்குகிறவர்கள் இருக்கிறார்கள், அந்த முனைதான் முதலில் வெடிக்கும். துணி சுற்றுவது, பி.வி.சி. குழாய்க்குள் மறைப்பது, சுவருக்குள் விடுவது எதுவும் கூடாது. ட்யூப் முழு நீளமும் கண்ணுக்குத் தெரிந்தால்தான் வெடிப்பும் கடியும் தெரியும்.

சிலிண்டரை மேடைக்குக் கீழே அலமாரியில் வைத்துக் கதவு போட்டிருக்கிறார்கள். நம் சிலிண்டர் கேஸ் காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம். கசிந்தால் தண்ணீர் மாதிரி தரையோடு ஓடித் தாழ்ந்த இடத்தில் தேங்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு சேர்ந்தாலே ஒரு பொறிக்குப் பற்றிக்கொள்ளும். அலமாரிக் கதவின் அடியில், தரையை ஒட்டி, கை நுழையும் அளவுக்குத் திறப்பு வேண்டும். மேலே மட்டும் காற்றுத் துளை வைத்துப் பயனில்லை. கதவையே கழற்றிவிட்டால் இன்னும் நல்லது. சிலிண்டர் எப்போதும் நின்றபடி இருக்க வேண்டும். கேஸ் தீரும்போது படுக்க வைத்தோ தலைகீழாகக் கவிழ்த்தோ எடுக்காதே. திரவம் ரெகுலேட்டருக்குள் வந்துவிட்டால் ஜுவாலை ஆளுயரம் எழும்பும்.

புது சிலிண்டர் வரும்போது அவசரப்பட்டு வாங்கி வைக்காதே. சீல் உடையாமல் இருக்கிறதா பார். எடை போட்டுக் காட்டச் சொல். சிலிண்டரில் எழுதியிருக்கும் காலி எடையோடு 14.2 கிலோ சேர்ந்து வர வேண்டும். கைப்பிடி வளையத்தைத் தாங்கும் பட்டைகளில் ஒன்றின் உள்பக்கம் பி 27 என்பதுபோல ஒரு குறி இருக்கும். ஏ என்றால் மார்ச்வரை, பி ஜூன்வரை, சி செப்டம்பர்வரை, டி டிசம்பர்வரை. எண் வருஷத்தைச் சொல்கிறது. அந்தத் தேதிக்குப் பிறகு சிலிண்டரை மறுபடி சோதிக்காமல் புழங்கக் கூடாது. தேதி தாண்டியிருந்தால் திருப்பி அனுப்பு. மூடியைத் திறந்ததும் வால்வுக்குள் கறுப்பு ரப்பர் வாஷர் இருக்கிறதா, வெட்டுப்பட்டிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, நாலு சொட்டுத் தண்ணீர் விடு. குமிழி வந்தால் மூடியைத் திரும்பப் போட்டுக் கொண்டுவந்தவரிடமே கொடுத்துவிடு. மாட்டின பிறகு நாற்றம் அடிக்கிற சமயங்களில் அந்தச் சின்ன வாஷர் காரணமாக இருப்பது நிறைய.

மாட்டுவதற்கு முன்னால் அடுப்பு அணைந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. பூஜை விளக்கு, ஊதுபத்தி, கொசுவர்த்திச் சுருள் எல்லாம் அணைந்திருக்க வேண்டும். உங்கள் பூஜை அலமாரி சமையல்கட்டிலேயே இருக்கிறது, மீனாவிடமும் சொல். ரெகுலேட்டரை மூடிய நிலையில் வை. கறுப்பு வளையத்தை மேலே தூக்கிப் பிடித்து, வால்வில் நேராக உட்கார வைத்து அழுத்தி, வளையத்தை விடு. டக் என்ற சத்தம் வரும். லேசாக இழுத்துப் பார், கையோடு வரக் கூடாது. பிறகு திறந்து, ட்யூப் சேரும் இரண்டு இடத்திலும் சோப்பு நுரை தடவிப் பார். தீக்குச்சி காட்டிப் பார்க்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பதால்தான் இதை எழுதுகிறேன். மூடி சிலிண்டரோடு கயிற்றில் கட்டியே இருக்கட்டும், அறுத்து எறியாதே. கசிகிற வால்வை அடைக்க உன் கையில் இருக்கும் ஒரே சாமான் அது. ராத்திரி படுக்கப் போகும்போது ரெகுலேட்டரை மூடு, அடுப்புக் குமிழை மட்டும் மூடினால் ட்யூபில் கேஸ் நின்றுகொண்டே இருக்கும்.

என்றைக்காவது வீட்டுக்குள் நுழையும்போது நாற்றம் அடித்தால் கை தன்னால் லைட் சுவிட்சுக்குத்தான் போகும். அதைத் தடுத்துக்கொள். ஸ்விட்சைப் போடுவதிலும் பொறி, அணைப்பதிலும் பொறி. ஃபேனும் வேண்டாம், காலிங்பெல்லும் வேண்டாம், ஃப்ரிட்ஜைத் தொடாதே. ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, எல்லாரும் வெளியே போய் அங்கிருந்து 1906-க்கு ஃபோன் செய். இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பார்கள். தீ பிடித்துவிட்டால் 101. கொஞ்ச நேரம் உள்ளேயே நின்றால் மூக்கு பழகிப்போய் நாற்றம் குறைந்த மாதிரி இருக்கும், அதை நம்பித் திரும்ப உள்ளே போகாதே.

உங்கள் குடியிருப்புக்குக் குழாய் கேஸ் வரப்போகிறது என்று எழுதியிருந்தாய். அது இயற்கை எரிவாயு, காற்றைவிட லேசு, கசிந்தால் கூரைப்பக்கம் போகும். அதனால் திறப்பு மேலேயும் வேண்டியிருக்கும். இதே அடுப்பில் ஜெட்டை (பர்னருக்குக் கேஸ் விடும் சின்னத் துளையுள்ள திருகை) மாற்றாமல் இணைக்கக் கூடாது. ஜெட் ஓட்டையை ஊசி விட்டுப் பெரிதாக்குகிறேன் என்று யாராவது வந்தால் அனுப்பிவிடு.

சனிக்கிழமை மெக்கானிக் வந்து போனதும் இரண்டு படம் அனுப்பு. புது ட்யூபில் அச்சடித்த தேதி ஒன்று, கீசர் இருந்த இடத்தில் வெறும் சுவர் ஒன்று. குழந்தையின் சளி எப்படி இருக்கிறது என்றும் எழுது.

அன்புடன்,
அம்மா