கியர்பாக்ஸ் மேல் பழி போடும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய கார்களின் அணிவகுப்பு எங்கே நடந்தாலும் படத்தோடு செய்தி போடுகிறீர்கள், பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் அந்தக் காலத்து ஆட்டோமேட்டிக் கார்கள் சில ஓட்டமில்லாமல் ஷெட்டில் கிடக்கின்றன. "பாக்ஸ் போச்சு சார், பார்ட்ஸ் கிடைக்காது" என்று பட்டறையில் கை விரித்துவிடுகிறார்கள். என்னிடம் வந்த வண்டிகளில் பெரும்பாலும் பாக்ஸ் நன்றாகவே இருந்தது. மாட்டிய விதம்தான் தப்பு.

குவைத் ஷுவைக்கில் ஷெவர்லே கேப்ரிஸ் வண்டிகளுக்கு டர்போ 350 என்ற மூன்று கியர் ஆட்டோமேட்டிக் பாக்ஸை இறக்கி ஏற்றிப் பழகியவன் நான். ஊர் திரும்பிய பிறகும் இதே வேலைதான். சமீபத்தில் ஈரோட்டிலிருந்து ஒரு 1965 இம்பாலாவை இழுத்துக்கொண்டு வந்தார்கள். அதில் இருந்த பவர்கிளைடு இரண்டே கியர் பாக்ஸ். அது தேய்ந்துபோனதால் பழைய டர்போ 350 ஒன்றை வாங்கி ஒரு பட்டறையில் மாட்டியிருக்கிறார்கள். ஸ்டார்ட் செய்ததும் முனகல் சத்தம். முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்று முடிவு கட்டிவிட்டார்கள். பிரித்துப் பார்த்தால் கிளட்ச் தட்டுகளில் கருகல் வாசனைகூட இல்லை. உடைந்திருந்தது முன்பக்க ஆயில் பம்பின் உள் கியர் மட்டும்தான்.

அது ஏன் உடைந்தது என்பதைத்தான் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். எஞ்சினுக்கும் பாக்ஸுக்கும் நடுவில், எஞ்சினின் சுழற்சியை ஆயில் வழியாகப் பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் இருக்கிறது. அது உள்ளே போகும்போது மூன்று இடத்தில் பிடிக்க வேண்டும்: இன்புட் ஷாஃப்ட்டின் பற்கள், ஸ்டேட்டர் குழாயின் பற்கள், கடைசியாகப் பம்ப் கியரின் காதுகள். கையால் மெல்லச் சுற்றிக்கொண்டே தள்ளினால் ஒவ்வொரு இடத்திலும் 'டொக்' என்று ஒரு படி உள்ளே இறங்குவது கைக்கே தெரியும். முதல் இரண்டு பிடித்ததும் முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். மூன்றாவது பிடிக்காமல் பாக்ஸைத் தூக்கி வைத்தால் எஞ்சினோடு ஒட்டாமல் இடைவெளி நிற்கும். அதைப் போல்ட் போட்டு இழுத்து ஒட்ட வைக்கிறார்கள். அந்த இறுக்கத்தில்தான் பம்ப் உடைகிறது. ஸ்பேனரே வேண்டாம், கையால் தள்ளியே பாக்ஸ் எஞ்சினோடு போய் ஒட்ட வேண்டும். போல்ட்டை முடுக்கிய பிறகும் கன்வெர்ட்டர் கையால் சுற்ற வேண்டும்; அதற்கும் எஞ்சினின் பின்னால் இருக்கும் பல் வைத்த தட்டான ஃப்ளெக்ஸ் பிளேட்டுக்கும் நடுவே 3 முதல் 5 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். இல்லையென்றால் வண்டியை ஸ்டார்ட் செய்யவே கூடாது, இறக்கித்தான் ஆக வேண்டும்.

இதில் பையன்களைக் குறை சொல்ல மாட்டேன். இன்று பட்டறைக்கு நிறைய வரும் ஏ.எம்.டி. வண்டிகளில், அதாவது மேனுவல் பாக்ஸையே தானாக மாற்றும் வண்டிகளில், இருப்பது சாதாரண கிளட்ச்தான், கன்வெர்ட்டர் இல்லை. கன்வெர்ட்டரைக் கையில் எடுத்துப் பார்க்கும் வாய்ப்பே பலருக்குக் கிடைப்பதில்லை.

மாட்டியபின் முன்பக்க சீல் திரும்பத் திரும்ப ஒழுகினால் சீலை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். எஞ்சின் பிளாக்கின் பின்பக்கம் பாக்ஸை மையத்தில் நிறுத்தும் டவல் பின்கள் என்ற இரண்டு சின்ன ஊசிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். எஞ்சின் வேலை செய்யும்போது கழன்று தொலைந்துவிடும் சாமான் அது. அது இல்லாவிட்டால் பாக்ஸ் மையம் விலகி நின்று புஷ்ஷைத் தின்றுவிடும். ஸ்டார்ட்டர் கரகரத்தால் ஃப்ளெக்ஸ் பிளேட்டின் பல்லை எண்ணுங்கள். ஷெவர்லேயில் 153 பல், 168 பல் என்று இரண்டு அளவு உண்டு. ஸ்டார்ட்டரும் அதற்கேற்ப மாறும்.

அப்புறம் வெள்ளைப் புகை. சைலன்சரில் வெள்ளைப் புகை, கீழே ஒரு சொட்டு ஒழுகல் இல்லை, ஆனாலும் கியர் ஆயில் குறைகிறது என்றால் உடனே எஞ்சினைப் பிரிக்க வேண்டாம். பாக்ஸின் பக்கவாட்டில் சின்ன டப்பா மாதிரி வேக்குவம் மாடுலேட்டர் இருக்கும்; எஞ்சினின் உறிஞ்சலை வைத்து கியர் மாறுவதைச் சரிசெய்வது அது. அதிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் ஹோஸைக் கழற்றிப் பாருங்கள். ஹோஸுக்குள் சிவப்பு ஆயில் இருந்தால் மாடுலேட்டருக்குள் இருக்கும் ரப்பர் சவ்வான டயஃப்ரம் கிழிந்துவிட்டது, எஞ்சின் அந்த ஆயிலை உறிஞ்சி எரிக்கிறது என்று அர்த்தம். மாற்ற வேண்டியது அந்த ஒரு சாமான்தான். அதற்காக எஞ்சின் இறக்கியவர்களைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்திருக்கிறது. அந்த ஹோஸ் வெறுமனே கழன்று கிடந்தாலே கியர் தாமதமாகவும் உதறலோடும் மாறும்.

ஆயில் அளவையும் எஞ்சின் ஆயில் மாதிரி வண்டியை அணைத்துவிட்டுப் பார்க்கிறார்கள். அணைத்தால் கன்வெர்ட்டரில் இருப்பது கீழே வடிந்து, அளவு கூடுதலாகக் காட்டும். இந்த வண்டிகளில் சமதரையில் நிறுத்தி, சூடேறிய எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, லீவரைப் பார்க்கில் வைத்துப் பார்க்க வேண்டும். பாக்ஸ் மாற்றும்போது ரேடியேட்டருக்குப் போகும் கூலர் குழாய்களையும் கழுவிவிட வேண்டும். பழைய பாக்ஸின் தூளெல்லாம் அதில்தான் தங்கியிருக்கும்.

கோவையில் ஐ.டி.ஐ. மோட்டார் மெக்கானிக் பிரிவு நடத்தும் ஆசிரியர்கள் விரும்பினால் மாணவர்களை அனுப்பட்டும். என் ஷெட்டில் பழைய டர்போ 350 பாக்ஸும் கன்வெர்ட்டரும் இருக்கின்றன. ஒவ்வொருவரும் ஒரு முறை கையால் மாட்டிப் பார்க்கலாம். பணம் எதுவும் வேண்டாம். ஞாயிறு தவிர எந்த நாளும் சரி.

இப்படிக்கு,
மூத்த மெக்கானிக் ஒருவர்,
சிங்காநல்லூர், கோவை.