அணிலாடு முன்றிலாருக்கு எந்த ஊர்?

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. நேற்று நீ படித்துக் காட்டிய கவிதைகளைப் பற்றிப் போனிலேயே சொல்லியிருப்பேன். பக்கத்தில் உன் அப்பா டிவியைச் சத்தமாக வைத்துக்கொண்டு நடுநடுவே "என்னவாம், என்னவாம்" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அதுவுமல்லாமல் இது நின்று நிதானமாகச் சொல்ல வேண்டிய விஷயம். அதனால்தான் கடிதம்.

ஆண்டு விழாவுக்கு 'நம் பண்பாடு' என்று பிள்ளைகளின் கவிதைத் தொகுப்பு ஒன்று போட வேண்டும், ஒன்பதாம் வகுப்பு எழுதிக் கொடுத்ததில் பொங்கலும் வேட்டியும் காளையும் தவிர ஒன்றுமில்லை என்று அலுத்துக்கொண்டாய். பிள்ளைகள் மேல் தப்பில்லை. அப்படித் தலைப்புக் கொடுத்தால் தினசரிக் காலண்டர் அட்டையில் என்ன படம் இருக்கிறதோ அதைத்தான் எழுதும். மார்க் வாங்கித் தரும் பதில் எதுவென்று அதற்குத் தெரியும்.

ஆனால் நீ ஓட்டமாகப் படித்துவிட்டுப் போன ஒரு பொங்கல் கவிதைக்கு நடுவில் ஒரு வரி வந்தது. புளி தட்டித் தட்டிப் பாட்டியின் தலையணையிலும் புளி வாசம் என்று ஒரு பெண் எழுதியிருந்தாள். அடுத்த வரியிலேயே 'பொங்கலோ பொங்கல்' என்று பழைய இடத்துக்கே ஓடிவிட்டாள். அவளைக் கூப்பிட்டு, அந்த ஒரு வரியை மட்டும் வைத்துக்கொள், மற்றதை அடித்துவிடு என்று சொல். தர்மபுரி மாவட்டம் முழுக்க அந்த வரிக்குள் இருக்கிறது.

நான் வகுப்பில் கடைசிவரை கையாண்ட ஒரு வழி இருக்கிறது. குறுந்தொகையிலிருந்து எடுத்ததுதான். அதில் சில புலவர்களின் சொந்தப் பெயரே நமக்குக் கிடைக்கவில்லை. தொகுத்தவர்கள் அவரவர் பாட்டில் வந்த உவமையையோ ஒரு தொடரையோ எடுத்துப் பெயராக்கிவிட்டார்கள். செம்புலப்பெயல்நீரார் உனக்குத் தெரியும், அவரைத்தான் இப்போது கல்யாணப் பத்திரிகையில் எல்லாம் போட்டுத் தேய்த்துவிட்டார்களே. அவருக்கு அடுத்த பாட்டு, 41ஆவது, அணிலாடு முன்றிலார் பாடியது. தலைவன் பக்கத்தில் இல்லாதபோது, ஆட்கள் விட்டுப்போன வீட்டு முற்றத்தில் அணில் விளையாடுகிற மாதிரிப் பொலிவற்றுப் போகிறேன் என்கிறாள் ஒருத்தி. ஓரேருழவனார், ஒற்றை ஏரை வைத்துக்கொண்டு ஈரம் காய்வதற்குள் உழுதுவிடத் தவிக்கிற விவசாயியைக் காட்டியவர். குப்பைக்கோழியார், விலக்கிவிட ஆளில்லாமல் குப்பைமேட்டில் தாமாகவே சண்டை போட்டுக்கொள்ளும் கோழிகளைப் பாடியவர். குப்பைமேட்டுக் கோழியைச் சொல்லி ஒருவர் இரண்டாயிரம் வருஷம் நிற்க முடியும் என்றால் உன் வகுப்பில் எந்தப் பிள்ளைக்குத்தான் எழுத ஒன்றுமில்லை?

இந்தப் பெயர்களை முதலில் பலகையில் எழுதிப்போடு. பாட்டைப் பிறகு சொல்லலாம். குப்பைக்கோழியாருக்குச் சிரிக்கத்தான் செய்வார்கள், சிரிக்கட்டும். அப்புறம், உன் வீட்டில் அல்லது தெருவில் நீ மட்டும் பார்த்த ஒன்றை நாலு வரியில் எழுது, அந்த வரியிலிருந்தே உனக்கு ஒரு பெயர் வைக்கப்போகிறோம் என்று சொல். பெயர் கிடைக்கும் என்றதும் பொங்கலும் காளையும் தானாகப் பின்னால் போய்விடும், ஏனென்றால் முப்பது பேருக்கும் ஒரே பெயர் வைக்க முடியாது. பெயரை நீ வைக்காதே, வகுப்பு வைக்கட்டும். உன் புளிக்காரப் பெண்ணுக்கு என்ன பெயர் வருகிறதென்று எனக்கு எழுது.

2004 டிசம்பர் 26 உனக்கு அரைகுறையாகத்தான் ஞாபகம் இருக்கும். நாகப்பட்டினக் கரையில் பள்ளிக்கூடம் மறுபடி திறந்தபோது யார் யாரோ கலர்ப் பென்சிலோடு வந்து பிள்ளைகளைக் கடலைப் பற்றி எழுதச் சொன்னார்கள். நல்ல எண்ணத்தோடு வந்தவர்கள்தான், குறை சொல்லவில்லை. பிள்ளைகள் 'அரக்க அலையே' என்று எழுதிக் கொடுத்தார்கள். பெரியவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதில் பிள்ளைகளை மிஞ்ச முடியாது. ரொம்ப நாள் கழித்து, யாரும் கேட்காத ஒரு நாளில், ஒரு பையன் நாலு வரி எழுதி என் மேஜையில் வைத்தான். அப்பா பாதி முடைந்த வலை கூரையில் தொங்குகிறது, அவர் விட்ட கண்ணியில் ஊசி அப்படியே இருக்கிறது, தொடர்ந்து முடைய எனக்குத் தெரியும், ஆனால் தொடவில்லை. அவ்வளவுதான். அலை, கடல், சாவு என்று ஒரு சொல் இல்லை. வகுப்பு அவனுக்கு வைத்த பெயர் விட்டகண்ணியார். உவமை எது, வெளியே சொல்லாமல் உள்ளே வைக்கிற உள்ளுறை எது என்று அதற்குப் பிறகு அந்த வகுப்புக்கு நான் பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை.

திணைப் பாடம் எடுக்கும்போது கருப்பொருள் அட்டவணை போடுவாய். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்று தொல்காப்பியம் சொல்கிற வரிசை. உன் ஊருக்கு இதை நிரப்பு என்று பிள்ளைகளிடம் கொடுக்கத் தோன்றும். நல்ல பயிற்சிதான். ஆனால் யோசித்துச் செய். மரத்தையும் பறவையையும் கேட்டால் மரமும் பறவையும் வரும். தெய்வம், தொழில், பறை, உணவு என்று கேட்டால் சாதி வந்து நடுவகுப்பில் நிற்கும். உங்கள் வீட்டுச் சாமி எது, அப்பா என்ன வேலை, ஞாயிற்றுக்கிழமை என்ன கறி என்று எல்லார் முன்னாலும் வாய்விட்டுக் கேட்கிற வாத்தியார், பண்பாட்டைக் கேட்பதாக நினைத்துக்கொண்டு அந்தப் பிள்ளையைத் தோலுரிக்கிறார். எழுதாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு எழுத வரவில்லை என்று நினைத்துவிடாதே. எழுதினால் என்ன ஆகும் என்று அது கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்.

அதனால் அந்த நான்கையும் நீ கேட்காதே. விடியற்காலையில் உன் தெருவில் முதலில் கேட்கும் சத்தம் என்ன, மழை வரும்போது வீட்டில் எதை முதலில் உள்ளே எடுத்து வைப்பீர்கள், பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போன அம்மா அப்பா ஊருக்கு வந்தால் பையிலிருந்து முதலில் வெளியே வருவது எது, இப்படிக் கேள். சாமியும் தொழிலும் வர வேண்டிய பிள்ளைக்கு அவை தானாக வரும். அது அந்தப் பிள்ளையின் விருப்பமாக இருக்கும்.

உவமைப் பெயர் இங்கேதான் இன்னொரு விதத்திலும் கைகொடுக்கிறது. அணிலாடு முன்றிலார் ஆணா பெண்ணா, எந்த ஊர், என்ன குலம், யாருக்கும் தெரியாது. முற்றத்தில் அணில் மட்டும் இருக்கிறது. தொகுப்பிலும் அப்படியே போடு. வேண்டுமென்கிற பிள்ளைக்குச் சொந்தப் பெயர், வேண்டாமென்கிற பிள்ளைக்குப் பாட்டுப் பெயர். விழாவுக்கு வருகிற பெரிய மனிதர்கள் "இது யார் வீட்டுப் பிள்ளை" என்று கேட்பார்கள். சொல்ல வேண்டிய அவசியம் உனக்கில்லை.

ஊரைப் பற்றி ஒன்று. நீ வேலை பார்க்கும் தர்மபுரிதான் பழைய தகடூர், அதியமான் நெடுமான் அஞ்சியின் நாடு. நெல்லிக்கனிக் கதை பிள்ளைகளுக்குத் தெரியும். அவன் இறந்த பிறகு ஔவையார் பாடியதைச் சொல்லிப் பார். நடுகல்லில் மயிற்பீலி சூட்டிச் சின்னக் கலத்தில் கள்ளைப் படைக்கிறார்கள், மலையுள்ள நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன் இதை வாங்கிக்கொள்வானா என்று கேட்கிறாள். புறநானூறு 232. உன் பிள்ளைகள் பள்ளிக்கூடம் வரும் வழியிலேயே நடுகல் இருக்கலாம். அந்தப் பக்கத்தில் பல நடுகற்களை வேடியப்பன் என்று இன்னும் கும்பிடுகிறார்கள். வீரத்தைப் பற்றி எழுதச் சொல்லாதே. கல்லுக்கு முன்னால் இன்றைக்கு என்னென்ன கிடக்கிறது என்று பார்த்துவிட்டு வரச் சொல். காய்ந்த மாலை, கற்பூரக் கரி, தண்ணீர் பாக்கெட், ஆட்டுப் புழுக்கை. பட்டியல் போடுவது கேவலமில்லை. கபிலர் ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழைக் காட்டப் பாடியதாகச் சொல்லும் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களின் பெயரை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகிறார். உரை எழுதுகிறவர்களுக்குத்தான் அது தலைவலி. பிள்ளைகளுக்கு உரக்கப் படித்துக் காட்டு, வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள்.

பாட்டிகளிடம் தாலாட்டும் விடுகதையும் கேட்டு வரச் சொல், ஓசை அங்கிருந்துதான் வரும். எதுகை மோனையைச் சூத்திரமாக நடத்துவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஒப்பாரி கேட்கப் போனால் மட்டும் ஒன்று சொல்லி அனுப்பு. நல்ல நாளில் வீட்டுக்குள் ஒப்பாரி பாடச் சொன்னால் பாட்டி விளக்குமாற்றை எடுப்பாள். வயல் பக்கம், களத்துமேடு, வீட்டுக்கு வெளியே எங்காவது உட்கார்த்தி வைத்துக் கேட்க வேண்டும். அப்போதும் பாதியில் அழுதுவிடுவாள். அதை எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டால் எழுதக் கூடாது.

வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிற பிள்ளைகள் உன் வகுப்பில் இருப்பார்கள். தமிழ்க் கவிதைக்கு நடுவில் அவர்கள் ஆயா பேசுகிற பேச்சு அப்படியே வந்தால் இருக்கட்டும். "வந்துச்சு" என்று எழுதினால் "வந்தது" ஆக்காதே. ஒற்றுப் பிழை, ரகர றகரம், இதையெல்லாம் திருத்து, அது உன் வேலை. குறைக்கச் சொல்லவும் தயங்காதே. குறுந்தொகைக்கே நாலு முதல் எட்டு அடி போதுமாக இருந்தது. பக்கத்து பெஞ்சுக்காரனும் எழுதியிருக்கக்கூடிய வரி எது என்று கேட்டால் பிள்ளையே அடித்துவிடும்.

இனி மேடை. நன்றாகப் பேசுகிற இரண்டு பேரை ஏற்றி, கையை ஆட்டி ஆட்டிப் படிக்க வைக்கிற வழக்கம் எனக்குப் பிடிக்காது. எழுதினவன் கீழே உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருப்பான். எங்கள் பக்கம் கரைவலை இழுக்கும்போது அம்பாப் பாட்டு உண்டு, உனக்கே தெரியும். ஒருவர் வரி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் ஏலேலோ என்று வாங்கிக்கொள்வார்கள். கூச்சப்படுகிற பிள்ளைகளை அப்படித்தான் படிக்க வைத்தேன். ஒரு வரியைப் பிள்ளை சொல்ல, அதன் கடைசிச் சொல்லை வகுப்பே திருப்பிச் சொல்லும். இரண்டாவது வரியில் குரல் எழும்பிவிடும். உன் பக்கத்தில் திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்து இருக்கிறது. வகுப்பில் வாய்த்துடுக்கான ஒருவன் எப்படியும் இருப்பான், அவனைக் கட்டியங்காரனாக்கி ஒவ்வொரு புலவரையும் அறிமுகம் செய்யச் சொல். மைக் செலவுகூட மிச்சம்.

மேடைக்கு வராத பிள்ளைகளுக்கு வராந்தாவில் ஒரு துணிக்கொடி கட்டிக் கிளிப்பில் மாட்டிவிடு. சாப்பாட்டு மணியில் நின்று படிப்பார்கள். படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவதற்கு முன்னால் எழுதின பிள்ளையைக் கேள், ஒவ்வொரு முறையும் கேள். என்னிடம் ஒரு பெண் அப்பாவின் குடியைப் பற்றி எழுதிக் கொடுத்துவிட்டு, "டீச்சர், நீங்க மட்டும் படிங்க" என்றாள். ரொம்ப நல்ல கவிதை. கையெழுத்துப் பத்திரிகையில் போட்டிருந்தால் அந்த இதழே அதனால் நின்றிருக்கும். போடவில்லை. படித்தேன், இரண்டு இடத்தில் நன்றாக இருக்கிறதென்று பென்சிலில் கோடு போட்டேன், திருப்பிக் கொடுத்தேன். அடுத்த வாரம் இன்னொன்று எழுதிக்கொண்டு வந்தாள்.

தொகுப்புக்கு 'நம் பண்பாடு' என்ற தலைப்பு இருந்தே ஆக வேண்டும் என்றால் அட்டையில் இருந்துவிட்டுப் போகட்டும். தலைமையாசிரியரோடு அதற்காகச் சண்டைக்கு நிற்காதே. உள்ளே முதல் பக்கத்தில் தலையணைக் கவிதையை வை.

அப்பா உனக்கு இரண்டு கிலோ நெத்திலிக் கருவாடு கட்டிக் கொடுத்திருக்கிறார், பார்சல் ஆபீசில் வாங்குவார்களோ என்னவோ. வாங்காவிட்டால் அடுத்த மாதம் நானே வரும்போது எடுத்து வருகிறேன்.

அன்புடன்,
அம்மா

பி.கு.: என்னுடைய குறுந்தொகைப் பிரதியை இத்துடன் அனுப்புகிறேன். ஓரத்தில் பென்சிலில் இருக்கிற பெயர்களெல்லாம் என் பிள்ளைகளுக்கு வகுப்பு வைத்தவை. அழிக்காதே. உன் வகுப்புப் பெயர்களைப் பேனாவில் எழுதிக்கொள்.