வாசிப்புக் கம்பளத்துக்கு மேலே இருக்கும் பத்துக் கட்டளைப் போஸ்டரை இடம் மாற்றக் கோரும் மனு

08.12.2025

அனுப்புநர்:
380 நெடுஞ்சாலைக்கு வடக்கே நம் ஐ.எஸ்.டி.யின் (பள்ளி மாவட்டத்தின்) தொடக்கப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளின் தமிழ்ப் பெற்றோர், தாத்தா பாட்டிமார்
(கையெழுத்துப் பட்டியல்: இணைப்பு 1)

பெறுநர்:
உயர்திரு சூப்பரின்டென்டன்ட் அவர்கள்,
ஐ.எஸ்.டி. தலைமை அலுவலகம், டெக்சஸ்

பொருள்: கே.ஜி., முதல் வகுப்பு அறைகளில் மாட்டியிருக்கும் போஸ்டரைப் பின்சுவருக்கு மாற்ற வேண்டி, நான்காவது முறையாக.

பார்வை: (அ) 12.09.2025 மின்னஞ்சல், பதில் இல்லை. (ஆ) 06.10.2025 எஃப்.என்.ஜி. (பெற்றோர், மாணவர் புகார் விதி) புகார்ப் படிவம், பெற்றுக்கொண்டதாகத் தானியங்கிப் பதில் மட்டும். (இ) 10.11.2025 போர்டு கூட்டத்தில் எங்களுக்குக் கிடைத்த மூன்று நிமிடம்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இந்த மனு தமிழில் இருக்கிறது. ஆங்கில வடிவம் இணைப்பு 2. பிள்ளைகளைச் சேர்க்கும்போது 'வீட்டில் பேசும் மொழி' என்ற கட்டத்தில் தமிழ் என்று எழுதிக் கொடுத்தவர்கள் நாங்கள். மூன்றரை மணிக்கு பஸ் ஸ்டாப்பில் நின்று பேரன் பேத்தியை அழைத்து வரும் பாட்டிமாரும் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவோம் என்றார்கள். அதனால் இரண்டு வடிவம்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறோம். பள்ளி முகப்பில் ஃப்ரன்ட் டெஸ்க்குக்குப் பின்னால் தொங்கும் 'இன் காட் வி ட்ரஸ்ட்' (கடவுளை நம்புகிறோம்) ஃப்ரேமைப் பற்றியதல்ல இந்த மனு. அது 2021ஆம் ஆண்டின் எஸ்.பி. 797 என்ற டெக்சஸ் சட்டப்படி வந்தது: யாராவது நன்கொடையாகக் கொடுத்தால் கட்டடத்துக்கு ஒன்று மாட்ட வேண்டும், வாசகத்துக்கு நேர் கீழே அமெரிக்கக் கொடி, கூடவே டெக்சஸ் கொடி, அதற்கு மேல் ஓர் எழுத்தும் கூடாது. 1864இல் இரண்டு சென்ட் காசில் ஏறி, 1956இல் தேசிய வாசகமாகச் சட்டமான வரி அது. கென்டக்கியில் 2019இல் இதே போன்ற சட்டம் வந்தபோது லெக்சிங்டன் பள்ளிகள் ஒரு டாலர் நோட்டை ஃப்ரேம் போட்டு மாட்டிவிட்டு வேலையைப் பார்த்தன. நம் பக்கத்து சவுத்லேக்கில் 2022இல் ஒருவர் அதே வாசகத்தை அரபு எழுத்தில் அச்சிட்டுக் கொடுத்தார். கட்டடத்துக்கு ஒன்று ஏற்கெனவே இருக்கிறது என்று போர்டு வாங்க மறுத்தது. அந்தச் சண்டை முடியவில்லை என்பது தெரியும். ஆனாலும் அந்த வாசகம் எந்தக் கடவுள் என்று கேட்பதில்லை. முருகனை நினைத்துக்கொண்டும் அதைத் தாண்டிப் போகலாம், அல்லாவை நினைத்துக்கொண்டும் போகலாம். சாமியே இல்லை என்பவர்களுக்கு அந்த வசதியும் கிடையாது. அவர்களும் எங்களில் இருக்கிறார்கள், அவர்கள் வழக்கு தனி.

வகுப்பறைப் போஸ்டர் அப்படியல்ல. அது எந்தக் கடவுள் என்று பெயர் சொல்லிப் பேசுகிறது. அதைப் பற்றித்தான் கீழே.

1. சட்டம் கேட்பது எது, கேட்காதது எது. எஸ்.பி. 10 என்ற டெக்சஸ் சட்டம் இந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒவ்வொரு வகுப்பறையிலும் எளிதில் கண்ணில் படும் இடத்தில் பத்துக் கட்டளைகள். குறைந்தது 16 அங்குல அகலம், 20 அங்குல உயரம். சராசரிப் பார்வை உள்ளவர் அறையில் எங்கிருந்தும் படிக்கும்படியான எழுத்து. சட்டத்தில் அச்சான வாசகம் மட்டும். இவ்வளவுதான். எந்தச் சுவர் என்று சட்டத்தில் இல்லை. வெள்ளைப் பலகைக்குப் பக்கத்தில் என்று இல்லை. கம்பளத்துக்கு மேலே என்று இல்லவே இல்லை. நன்கொடையாக வந்தால் மாட்ட வேண்டும் என்கிறது, ஐ.எஸ்.டி. பணத்தில் வாங்கலாம், ஆனால் வாங்கியே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை.

ஆகஸ்ட் 20இல் சான் அன்டோனியோ நீதிமன்றம் 11 பள்ளி மாவட்டங்களுக்கும், நவம்பர் 18இல் இன்னொரு நீதிபதி வேறு சில மாவட்டங்களுக்கும் போஸ்டர் மாட்டத் தடை போட்டார்கள். இரண்டு பட்டியலிலும் நம் மாவட்டம் இல்லை. தடை இல்லாத மாவட்டம் மாட்டியே ஆக வேண்டும் என்று மாநில அட்டர்னி ஜெனரல் எச்சரித்திருப்பதும் தெரியும். அதனால் போஸ்டரைக் கழற்றச் சொல்லி உங்களைச் சங்கடத்தில் மாட்டிவிட வரவில்லை. நகர்த்தத்தான் சொல்கிறோம்.

2. அது ஏன் அந்த இடத்துக்குப் போனது. யாருடைய கெட்ட எண்ணமும் இதில் இல்லை. நம் தொடக்கப் பள்ளிகளின் பழைய பிரிவில் சுவரெல்லாம் பெயின்ட் அடித்த சிமென்ட் கல். அதன் பரப்பு மேடு பள்ளமாக இருப்பதால் ஒட்டுப்பட்டை மேட்டில் மட்டும்தான் பிடிக்கும். லேமினேட் செய்த தாளின் கனமும் சேர்ந்துகொள்ள, வார இறுதியில் ஏ.சி. குறைந்து ஈரம் ஏறினால் திங்கட்கிழமை காலை போஸ்டர் தரையில் கிடக்கும். இரண்டு தடவை விழுந்தால் டீச்சர் என்ன செய்வார்? பின் குத்த முடிகிற இடத்தில் மாட்டுவார். கே.ஜி. அறையில் பின் குத்த முடிகிற ஒரே இடம் வாசிப்புக் கம்பளத்துக்கு மேலே இருக்கும் புல்லட்டின் போர்டு. எழுத்தொலி அட்டைகள், நாள் காட்டி, வானிலைப் படம், அவற்றுக்கு நடுவே பத்துக் கட்டளைகள். வந்த கதை இதுதான்.

தீர்வும் இதற்குள்ளேயே இருக்கிறது. 16க்கு 20 ஃப்ரேம் எந்தக் கைவினைக் கடையிலும் கிடைக்கும் அளவு. பின்சுவரில், பை மாட்டும் கொக்கிகளுக்கு மேலே, 12 அங்குல இடைவெளியில் இரண்டு துளை, இரண்டு பிளாஸ்டிக் ஆங்கர், இரண்டு திருகு. பராமரிப்பு ஊழியர் ஒருவருக்கு அறைக்குப் பத்து நிமிட வேலை. ஃப்ரேமும் ஆங்கரும் நாங்களே வாங்கித் தருகிறோம்.

பின்சுவரில் மாட்டினால் சட்டம் நிறைவேறுமா என்று உங்கள் வக்கீல் கேட்பார். கணக்கு எளிது. கண் மருத்துவர் அட்டையில் 20/20 வரியை 20 அடியில் படிக்க எழுத்து ஏறத்தாழ 8.9 மில்லிமீட்டர் உயரம் வேண்டும். போஸ்டரில் பெரிய எழுத்துகள் அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். ஏறத்தாழ 28 அடி வரை படிக்கலாம். நம் வகுப்பறையின் நீளமும் ஏறத்தாழ அவ்வளவுதான். மூலையிலிருந்து மூலைக்கு யாராவது நாடா பிடித்தால் ஒரு சுற்றுப் பெரிய எழுத்தில் அச்சிட்ட போஸ்டரைத் தரவும் தயார். திரும்பிப் பார்த்தால் தெரியும், கதவைத் திறந்து நுழைகிறவருக்கும் தெரியும். கண்ணில் படும் இடம்தான்.

3. எங்களை வாட்டுவது இது. தயவு செய்து இந்த ஒன்றையாவது முழுக்கப் படியுங்கள்.

கே.ஜி., முதல் வகுப்புப் பிள்ளை எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்கும் வயது. அந்த வயதில் கண்ணில் படுவதையெல்லாம் படிக்கும். தானியப் பெட்டி, வண்டியின் நம்பர் பிளேட், கழிவறைக் கதவு. படிக்கச் சொல்லித்தானே பள்ளிக்கு அனுப்புகிறோம். காலை மீட்டிங், ஃபோனிக்ஸ், ரீட் அலவுட், எண்ணுகிற பாட்டு எல்லாம் அந்தக் கம்பளத்தில்தான். சம்மணம் போட்டு உட்கார்ந்த பிள்ளையிடமிருந்து ஐந்தடியில் இந்தப் போஸ்டர்.

மேலிருந்து மூன்றாவது கட்டளை வரியைப் பாருங்கள். 'தௌ ஷால்ட் நாட் மேக் டு தைசெல்ஃப் எனி கிரேவன் இமேஜஸ்.' இதில் நாட், மேக், டு, எனி நான்கும் பிள்ளைகள் வாராவாரம் வீட்டுக்குக் கொண்டுவரும் சைட் வேர்ட்ஸ். பார்த்ததும் வாய் தானாகச் சொல்லும். இமேஜ் ஐபேடில் பழகிய சொல். மீதி தௌ, ஷால்ட், தைசெல்ஃப், கிரேவன். 'கிரே-வன்' என்று கூட்டிவிடும். கூட்டிவிட்டுப் பொருள் கேட்கும். தமிழ் வேதாகமத்தில் அதே வரி, யாதொரு விக்கிரகத்தையாகிலும் நீ உனக்கு உண்டாக்க வேண்டாம் என்று வருகிறது. அதற்கு முந்தைய வரி, என்னையன்றி உனக்கு வேறே தேவர்கள் உண்டாயிருக்க வேண்டாம் என்பது.

இந்த ஆண்டு பிள்ளையார் சதுர்த்தி ஆகஸ்ட் 27. பிள்ளைகள் தங்கள் கையால் களிமண்ணைப் பிசைந்து, தும்பிக்கையை உருட்டி ஒட்டி, குன்றிமணி கிடைக்காத ஊரில் மிளகைக் கண்ணாக வைத்துப் பிள்ளையார் செய்தார்கள். அடுத்த வாரம் போஸ்டர் ஏறியது. செப்டம்பர் கடைசியில் கொலு. படிப்படியாகப் பொம்மை அடுக்கிய அதே பிள்ளை, காலையில் கம்பளத்தில் உட்கார்ந்து, பொம்மை செய்யாதே, அது தப்பு என்று படிக்கிறது. செய்த கை யாருடையது? அதனுடையது. 'சாமி கண்ணைக் குத்தும்' என்று விளையாட்டுக்குச் சொல்லி வளர்க்கும் வீடுகள் நம்முடையவை. ஆறு வயதுக்கு அது விளையாட்டல்ல. எந்தச் சாமி குத்தும் என்ற கேள்வியோடு பஸ்ஸை விட்டு இறங்குகிறது.

பெரியவர்களுக்கு இதை விளக்கிச் சமாதானம் சொல்லத் தெரியும். பத்தாம் வகுப்புப் பிள்ளை அதைப் பார்த்துத் தோளைக் குலுக்கிவிட்டுப் போகும். அதனால்தான் எல்லா வகுப்பையும் கேட்கவில்லை ஐயா, கே.ஜி.யும் முதல் வகுப்பும் மட்டும்.

4. இது இந்து வீட்டுப் பிரச்சினை மட்டும் என்று ஒதுக்கிவிடாதீர்கள். கையெழுத்துப் பட்டியலில் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் ஞானோபதேசத்தில் படித்த பத்துக் கட்டளைகளில் விக்கிரக வரி தனிக் கட்டளை இல்லை. அது முதல் கட்டளைக்குள் அடக்கம். பிறர் மனைவி, பிறர் பொருள் என்று கடைசியை அவர்கள் இரண்டாகப் பிரிப்பார்கள். போஸ்டரில் இருப்பது கிங் ஜேம்ஸ் நடையைச் சுருக்கிய வாசகம். வேளாங்கண்ணி மாதா சொரூபத்தின் முன் தினமும் மெழுகுவர்த்தி ஏற்றும் வீட்டுப் பிள்ளைக்கும் அதே ஐந்தடி, அதே வரி. எந்தச் சபையின் கட்டளைப் பட்டியல் சரி என்று முடிவு செய்வது ஐ.எஸ்.டி.யின் வேலையா?

5. எங்களுக்கு வரக்கூடிய பதில்கள் தெரியும், மூன்று மாதமாக யோசிக்க நேரம் கொடுத்திருக்கிறீர்கள்.

'நன்கொடையாக வந்தது, அரசுப் பணம் இல்லை.' கென்டக்கியின் 1978 சட்டமும் தனியார் நன்கொடைதான், அதிலும் இதே 16க்கு 20 அங்குலம்தான். 1980இல் உச்ச நீதிமன்றம் ஸ்டோன் எதிர் கிரேம் வழக்கில் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அது செல்லாது என்றது. யார் பணம் என்பது பொருட்டல்ல என்றும் சொன்னது. அந்தத் தீர்ப்பு இன்னும் நிற்குமா என்பதை ஜனவரியில் நியூ ஆர்லியன்ஸில் உள்ள கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முழு அமர்வு பார்த்துக்கொள்ளட்டும்.

'ஆஸ்டின் கேப்பிட்டல் தோட்டத்தில் இதே வாசகக் கல் இருக்கிறதே, 2005இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்ததே.' ஆமாம். 22 ஏக்கரில் 17 நினைவுச் சின்னங்களுக்கு நடுவே ஒரு கல். பிடிக்காதவர் வேறு பாதையில் நடக்கலாம். ஆறு வயது முதல் பள்ளிக்கு வந்தே தீர வேண்டும் என்பது டெக்சஸ் சட்டம். ஆண்டுக்கு குறைந்தது 75,600 நிமிடம், இடைவேளையும் சேர்த்து. கம்பளத்தில் வேறு பாதை எங்கே இருக்கிறது?

'பிள்ளைகள் அதையெல்லாம் கவனிப்பதில்லை.' அப்படியானால் எதற்கு மாட்டுவது?

6. டீச்சர்கள். கேட்டால் பாவம், வாயை மூடிக்கொள்கிறார்கள். விளக்கினாலும் தப்பு, விளக்காவிட்டாலும் தப்பு என்று பயம். 'அடல்ட்ரி' (விபசாரம்) என்றால் பெரியவர்கள் சம்பந்தப்பட்டது என்று ஒரு வகுப்பே முடிவு செய்திருக்கிறது, அது வேறு. 'இது சட்டப்படி மாட்டியது, பாடம் இல்லை, பொருளை வீட்டில் கேள்' என்று எழுத்தில் இரண்டு வரி கொடுத்தால் அவர்களுக்கும் நிம்மதி.

7. போர்டு கூட்டத்தில் எங்களுக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. நிகழ்ச்சி நிரலில் இல்லாத விஷயத்தை விவாதிக்க ஓப்பன் மீட்டிங்ஸ் சட்டம் விடாது, சரி. அப்படியானால் நிரலில் சேருங்கள் என்றுதான் அக்டோபரில் கேட்டோம். சேர்க்காதவர் யார்? நிரலில் இல்லாததால் பேச முடியாது, பேசாததால் நிரலில் வராது. இதற்குப் பெயர் வேறு ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

8. இரண்டு திருகு ஐயா. இரண்டு திருகுக்கு மூன்று மாதம்.

ஆகவே மீண்டும் கேட்கிறோம். கே.ஜி., முதல் வகுப்பு அறைகளில் போஸ்டரைக் கம்பளத்துக்கு மேலிருந்து எடுத்துப் பின்சுவரில், கொக்கிகளுக்கு மேலே மாட்டுங்கள். ஸ்பீச் தெரபி அறை, கவுன்சலர் அறை ஆகியவை வகுப்பறைகளா என்பதை எழுத்தில் தெளிவுபடுத்துங்கள். இல்லையென்றால் அங்கிருப்பதை எடுத்துவிடுங்கள். அடியில் நன்கொடையாளர் பெயரோ பிரார்த்தனை வரியோ அச்சான போஸ்டர்கள் சட்டத்துக்கே பொருந்தாதவை, அவற்றைத் திருப்பி அனுப்புங்கள். டீச்சர்களுக்கு அந்த இரண்டு வரி. எதற்கும் ஐ.எஸ்.டி. பணம் செலவாக வேண்டாம்.

குளிர்கால விடுமுறை 22ஆம் தேதி தொடங்குகிறது. அறைகள் காலியாக இருக்கும், துளையிடும் சத்தம் யாருக்கும் தொந்தரவில்லை. ஜனவரியில் பிள்ளைகள் திரும்பும்போது கம்பளத்துக்கு மேலே நாள் காட்டியும் வானிலைப் படமும் மட்டும் இருந்தால் போதும். தயவு செய்து செய்து கொடுங்கள். முடியாது என்றால் முடியாது என்றாவது, ஒரு வரி, கையெழுத்தோடு எழுதுங்கள். இரண்டாம் நிலை முறையீட்டுக்கு அது தேவைப்படுகிறது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தமிழ்ப் பெற்றோர், தாத்தா பாட்டிமார்

இணைப்பு: 1. கையெழுத்துப் பட்டியல். 2. ஆங்கில வடிவம். 3. பின்சுவர் அளவுப் படம், ஃப்ரேம் மாதிரி ஒன்று (ஃப்ரன்ட் டெஸ்க்கில் கொடுத்திருக்கிறோம்).