வெயில் ஏறிய பிறகு பனி மூடிய மலைச்சரிவின் கீழே வண்டிகளை நிற்க விடாதீர்கள்

இமயத்துச் சாலைகளில் சுற்றுலா வண்டிகளை மேலே அனுப்பும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். 2023 ஏப்ரல் 4 அன்று சிக்கிமின் நாதுலா சாலையில் நடந்ததை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நண்பகல் வேளை, பனிச்சரிவில் 7 சுற்றுலாப் பயணிகள் உயிரிழந்தார்கள்.

இந்த ஏப்ரலில் அம்மாவை இமயத்துக்கு அழைத்து வந்தேன். சோதனைச் சாவடியில் அடையாள அட்டையைப் பார்த்தார்கள், தலையை எண்ணினார்கள். மேலே பனி எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை இல்லை. பதினொன்றரை மணிக்கு ஒரு சரிவின் அடியில் வண்டிகள் வரிசையாக நின்றன. ஸ்வெட்டரைக் கழற்ற வைக்கிற வெயில். வாடகை பூட்ஸோடு அம்மா ஓர் எட்டு வைத்தார், முழங்கால் வரை புதைந்தது. பனியை அள்ளிப் பிழிந்தால் ஈரத்துணி மாதிரி சொட்டியது. மேலேயிருந்து சின்னச் சின்னப் பனி உருண்டைகள் கோடு கிழித்தபடி உருண்டு வந்தன. பிள்ளைகள் அதைப் பிடிக்க ஓடினார்கள், நானும் கைதட்டினேன். ஓட்டுநர் தம்பி மட்டும் முகம் வெளிறி, "ஆன்ட்டி, ஜல்தி சலியே" (சீக்கிரம் வாங்க) என்று அம்மாவைக் கைப்பிடித்து வண்டியில் ஏற்றினார்.

அந்த உருண்டைகள்தான் பனிச்சரிவு வரக்கூடும் என்பதற்கு அடையாளமாம். உருகிய நீர் உள்ளே இறங்கினால் பனியின் பிடிப்பு விட்டுப்போகும். இரவு மேகம் மூடிப் பனி உறையாமல் போனால் காலையிலேயே ஆபத்து. ஈரப்பனி சரிந்து நின்றதும் சிமென்ட் போல இறுகிவிடும், வெறுங்கையால் தோண்ட முடியாது. கால் மணி நேரம் தாண்டினால் புதைந்தவர் பிழைக்கும் வாய்ப்பு வேகமாகக் குறையும்.

ஓட்டுநருக்குத் தெரிவது சாவடிக்குத் தெரியாதா? சண்டிகரிலிருந்து டிஜிஆர்இ என்ற பாதுகாப்புத் துறை ஆய்வு நிறுவனம் பனிச்சரிவு எச்சரிக்கை வெளியிடுகிறது. 2025 பிப்ரவரியில் உத்தராகண்டின் மாணா கிராமத்துக்கு அருகே பனிச்சரிவில் 54 தொழிலாளர்கள் புதைந்தார்களே, அதற்கு முந்தைய நாளே சமோலி மாவட்டத்துக்கு எச்சரிக்கை வந்திருந்தது. 8 பேர் வீடு திரும்பவில்லை. அந்தக் காகிதம் யார் மேசையோடு நின்றுபோனது? சாலையை அகலமாக்கப் பணம் இருக்கிறது, ஹோட்டல் கட்ட அனுமதி கிடைக்கிறது, ஒரு எச்சரிக்கைப் பலகைக்கு மட்டும் வழி இல்லையா?

மன்னியுங்கள், அம்மாவின் நனைந்த காலுறை இன்னும் கண்ணில் நிற்கிறது.

கேட்பது இதுதான்: அன்றைய அபாய நிலையைச் சாவடியிலேயே எழுதி வையுங்கள். வெயில் ஏறிய நாளில் சரிவின் கீழே வண்டிகளை நிற்க விடாதீர்கள். தேவையானால் அன்றைக்குச் சாலையை மூடுங்கள், நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம். தமிழில் எழுத வேண்டும் என்றுகூட இல்லை. ஒரு சிவப்புக் கொடி போதும், எல்லோருக்கும் புரியும். அடுத்த மார்ச்சில் பனி இளகுவதற்கு முன் அதை ஏற்றிவிடுங்கள், ஐயா.

இப்படிக்கு,
அன்று கைதட்டிய ஒரு பயணி