புகார் சொன்னவர் பெயர் உன் நோட்டில் இருக்கக் கூடாது

அன்புள்ள கயலுக்கு,

அமெரிக்க அணு ஒழுங்குமுறை ஆணையத்தின் ஆய்வாளராக அடுத்த வாரம் முதன்முதலாக ஓர் அணு எரிபொருள் ஆலைக்குள் தொழிலாளர் புகார் விசாரிக்கப் போகிறாய், என்னென்ன எடுத்துக்கொண்டு போவது என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதி மறந்துபோகும், அதனால் எழுதியே அனுப்புகிறேன்.

எடுத்துக்கொண்டு போகக் கூடாததை முதலில் சொல்லிவிடுகிறேன். புகார் சொன்னவரின் பெயர். உன் நோட்டில் வேண்டாம், லேப்டாப்பில் வேண்டாம், காரில் கிடக்கும் கோப்பிலும் வேண்டாம். பெயர் இல்லாவிட்டாலும் ஆளைக் காட்டிக்கொடுக்கும் வரிகள் உண்டு. "இரவு ஷிப்டில் இரண்டாம் நம்பர் பிரஸ்ஸில் பவுடர் கேன் மாற்றும்போது" என்று எழுதினால் அந்த இடத்தில் நிற்பவர் மூன்று பேர்தான். மேனேஜருக்கு விரல்விட்டு எண்ணத் தெரியும். "பெல்லட் (யுரேனிய வில்லை) பகுதியில் பவுடர் கையாளும் இடங்களில்" என்று விரித்து எழுது. பேட்டி எடுக்கும்போதும் அந்த மூவரை மட்டும் கூப்பிடாதே. ஷிப்டில் உள்ள எல்லாரையும் கூப்பிட்டு, எல்லாரிடமும் ஏறக்குறைய ஒரே நேரம் பேசு. புகார் சொன்னவரிடம் நாற்பது நிமிடம், மற்றவர்களிடம் ஐந்து நிமிடம் என்றால் மதியச் சாப்பாட்டுக்குள் ஆலை முழுக்கத் தெரிந்துவிடும். தொழிலாளரோடு தனியாகப் பேச உங்கள் ஆணைய விதித்தொகுப்பின் 19-ஆம் பகுதி உனக்கு உரிமை தருகிறது. "கூட ஒருவர் இருக்கட்டுமே" என்று நிர்வாகம் அன்பாகச் சொன்னாலும் வேண்டாம் என்றுவிடு.

உங்கள் அலுவலகம் சில புகார்களை ஆலைக்கே அனுப்பி, "நீங்களே விசாரித்துப் பதில் கொடுங்கள்" என்று கேட்கும். வேலை மிச்சம்தான். ஆனால் புகார் எந்த சூப்பர்வைசர் மேலோ, அவரே பதிலை எழுதும் நிலை வந்தால் அது விசாரணையே இல்லை. பரிசீலனைக் குழுக் கூட்டத்தில் அதைத் தயங்காமல் சொல்.

இன்னொன்று, தொழிலாளரிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டியது. புகார் சொன்னதற்காக வேலை போனாலோ சம்பளம் குறைந்தாலோ, 180 நாளுக்குள் தொழிலாளர் துறையில் மனு கொடுக்க வேண்டும். உங்கள் ஆணையம் ஆலைக்கு அபராதம் போடலாம், போன வேலையைத் திருப்பி வாங்கித் தராது. நீங்கள் விசாரித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தே கெடுவைத் தவறவிட்டுவிடுவார்கள். ஓக்லஹோமாவில் சிமரான் புளுட்டோனிய ஆலையின் குறைகளைச் சொல்லிவந்த காரென் சில்க்வுட், 1974 நவம்பர் 13-ஆம் தேதி ஒரு நிருபரைச் சந்திக்கக் கிளம்பிய வழியில் கார் விபத்தில் இறந்தார். ஆலை மறு ஆண்டே மூடப்பட்டது. அணுத்துறைத் தொழிலாளரைப் பழிவாங்கக் கூடாது என்ற பிரிவு 1978-இல்தான் சட்டத்தில் ஏறியது.

இனி ஆலைக்குள். எரிபொருள் ஆலையில் வரும் புகார்களில் பெரும்பாலானவை பார்வைக்குச் சின்னதாக இருக்கும். "தூசு அதிகம், ஆனால் ரிப்போர்ட்டில் காற்று சுத்தம் என்கிறார்கள்" என்பதை எடுத்துக்கொள். அலுவலகத்தில் உட்கார்ந்து ஆறு மாத ரிப்போர்ட்டைப் புரட்டினால் எல்லாம் வரம்புக்குள்தான் இருக்கும். நீ மெஷின் பக்கம் போய் நில். சுவரில் பொருத்திய காற்று மாதிரிக் கருவியின் முகம் எங்கே இருக்கிறது, தொழிலாளியின் மூக்கு எங்கே இருக்கிறது? கேன் மூடியைத் திறக்கும்போது அவர் குனிகிறார். கருவியோ தலைக்கு மேலே, புதுக்காற்று வந்து விழும் ஜன்னலுக்குப் பக்கத்தில். காற்று போகும் திசையைக் காட்டப் புகை விடும் சின்னக் குழாய் ஒன்று கையில் வைத்துக்கொள். கேன் வாயருகே ஒரு அழுத்து அழுத்தினால் புகை எந்தப் பக்கம் போகிறது என்று கண்ணுக்கே தெரியும். அது கருவியைத் தொடாமல் அவர் முகத்தைத் தடவிக்கொண்டு போனால், அந்த ஆறு மாத ரிப்போர்ட்டும் வேறு ஏதோ ஒரு காற்றைப் பற்றியது.

அதன்பின் காலரில் மாட்டும் சின்னக் காற்று மாதிரிக் கருவியை, சாம்ப்ளரை, கேள். நிமிடத்துக்கு 2 லிட்டர் இழுத்தால் எட்டு மணி நேர ஷிப்டில் 960 லிட்டர். பில்டரில் தூசு ஏற ஏற இழுப்பு குறையும். தொடக்க அளவை மட்டும் எழுதி முடிவு அளவை எழுதாமல் விட்டிருந்தால், இழுத்ததைவிடக் கூடுதல் காற்று இழுத்ததாகக் கணக்காகும், தூசின் அடர்த்தி குறைவாகத் தெரியும். பில்டரில் ஏறிய கதிரியக்கத்தை உடனே எண்ணினார்களா என்றும் பார். காற்றில் இயல்பாக உள்ள ரேடான், தோரான் என்ற கதிரியக்க வாயுக்களின் வழிப் பொருள்கள் அழிந்து தீர மூன்று நாள் போல விட வேண்டும். அதற்கு முன் எண்ணினால் வரும் கூடுதலை "இது ரேடான்தான்" என்று கழித்துவிடும் பழக்கம் சில இடங்களில் உண்டு. கழித்தது சரியா என்பது மறுபடி எண்ணினால்தான் தெரியும். சாம்ப்ளர் மாட்டிய நாளில் என்ன வேலை நடந்தது என்பதை லாக் புக்கோடு ஒப்பிடு. பிரஸ் ஓட்டுகிறவரைவிட, பில்டர் மாற்ற வருகிற பிட்டரும் பெல்லட் தேய்க்கும் கிரைண்டரின் சகதியை வழிக்கிறவரும்தான் அதிகம் சுவாசிப்பார்கள். அவர்களுக்குச் சாம்ப்ளர் மாட்டுவதே அபூர்வம்.

"சிறுநீர்ப் பரிசோதனை சுத்தமாக இருக்கிறது" என்று ஒரு தாளை நீட்டுவார்கள். எந்தச் சேர்மம் என்று கேள். யுரேனியம் ஹெக்சாபுளூரைடு, யுரேனைல் நைட்ரேட் போன்ற கரையும் வகை என்றால் பெரும்பங்கு முதல் ஓரிரு நாளிலேயே சிறுநீரில் வெளியேறிவிடும். ஒரு வாரம் கழித்து எடுத்த மாதிரி பெரிதாக எதையும் சொல்லாது. கரையும் யுரேனியத்துக்கு வாரம் 10 மில்லிகிராம் என்ற வரம்பு கதிர்வீச்சுக்காக வைத்ததில்லை, சிறுநீரகத்துக்காக வைத்தது. பெல்லட் பகுதியில் பறப்பது ஆக்சைடு பவுடர். அது நுரையீரலில் தங்கிவிடும், சிறுநீரில் கொஞ்சமே வரும். அதற்கு நுரையீரலில் தங்கியதன் கதிர்வீச்சைத்தான் எண்ண வேண்டும். மாதிரியை எங்கே எடுத்தார்கள் என்பதும் முக்கியம். வேலை உடையோடு ஷிப்ட் முடிவில் எடுத்தால் கைத்தூசு விழுந்து அளவு ஏறும். பிறகு "மாதிரி கெட்டுவிட்டது" என்று உண்மையான ஏற்றத்தையும் சேர்த்துத் தள்ளிவிடுவார்கள்.

மாஸ்க்கைப் பற்றிய புகார் என்றால் கார்ட்ரிட்ஜைக் கையில் வாங்கிப் பார். ஹெக்சாபுளூரைடு கசிந்தால் காற்றின் ஈரத்தோடு சேர்ந்து இரண்டாகப் பிரியும்: யுரேனைல் புளூரைடு துகள், ஹைட்ரஜன் புளூரைடு வாயு. துகளுக்கு மட்டுமான பில்டர் அந்த வாயுவைத் தடுக்காது. தாடி வைத்தவருக்கு இறுக்கமான மாஸ்க் பொருந்தாது என்பது உனக்கே தெரியும். ஆனால் பொருத்தச் சோதனை செய்த நாளில் அவர் மழித்திருந்தாரா, இன்று எப்படி இருக்கிறார் என்று யாரும் பார்ப்பதில்லை.

தராசு சரியில்லை என்று யாராவது சொன்னால் அதை மெயின்டனன்ஸ் விஷயம் என்று ஒதுக்காதே. 1986 ஜனவரி 4-ஆம் தேதி ஓக்லஹோமாவின் கோர் ஊருக்கருகே சீக்வோயா ஆலையில் நடந்தது ஒரு தராசில்தான் தொடங்கியது. உருளையைத் தாங்கிய வண்டி தராசு மேடையில் முழுதாக ஏறி நிற்காததால் எடை குறைவாகக் காட்டியது. 14 டன் உருளையில் அளவுக்கு மேல் நிரப்பிவிட்டார்கள். கூடுதலை எடுக்க, ஆலையின் விதியே தடுத்திருந்தும், நீராவியில் சூடாக்கினார்கள். ஹெக்சாபுளூரைடு சுமார் 64 டிகிரியில் உருகும்போது கன அளவு மூன்றில் ஒரு பங்கு போலக் கூடும். விரிய இடமில்லை, உருளை வெடித்தது. ஒரு தொழிலாளி இறந்தார், கதிர்வீச்சால் இல்லை, ஹைட்ரஜன் புளூரைடால். அதற்குப் பிறகுதான், 1988-இல், எந்த ஆபத்தை உங்கள் ஆணையம் பார்க்கும், எதைத் தொழிற்பாதுகாப்புத் துறை பார்க்கும் என்று இரு அலுவலகங்களும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. "இது எங்கள் வேலை இல்லை" என்று ஒரு புகாரை மூடுவதற்கு முன் அந்தத் தாளைப் படி. உன் வேலையாக இல்லாவிட்டாலும் உரியவர் கையில் சேர்ப்பது உன் வேலை.

எனக்கு எப்போதும் உறுத்துவது வாளி. ஜப்பானின் டோக்கைமுரா எரிபொருள் ஆலையில் 1999 செப்டம்பர் 30-ஆம் தேதி யுரேனியக் கரைசலை வாளியில்தான் ஊற்றினார்கள். அரசு ஒப்புதல் தந்த முறை ஒன்று. வாளியில் கரைத்துக்கொள்ளலாம் என்று கம்பெனியே எழுதிக்கொண்ட கையேடு இரண்டாவது. அன்று தளத்தில் நடந்தது மூன்றாவது, அந்தக் கையேட்டிலும் இல்லாதது. 17.5 செ.மீ. விட்டமுள்ள ஒடுங்கிய தூணுக்குப் பதில் 45 செ.மீ. அகலத் தொட்டியில் ஊற்றினார்கள். ஒரு தடவைக்கு 2.4 கிலோ என்பது வரம்பு. ஏழாவது வாளியில் 16 கிலோவைத் தாண்டியபோது நீல ஒளி அடித்தது. தொட்டியைச் சுற்றியிருந்த குளிர்நீர் நியூட்ரான்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்ததால் தொடர்வினை அடங்க ஏறக்குறைய 20 மணி நேரம் ஆனது. மூவரில் இருவர் இறந்தனர். ஆகவே "விதிப்படி செய்கிறீர்களா" என்று கேட்காதே. "காலிப் பாத்திரத்தை வைத்து ஒரு தடவை செய்து காட்டுங்கள்" என்று கேள். படத்தில் இல்லாத புனல், டியூப், பிளாஸ்டிக் பை எது கைக்கு வருகிறது என்று கவனி. ஒழுகும் குழாய்க்குக் கீழே வைத்த அகல வாளி வெறும் ஒழுகலாக இருக்காது, கிரிட்டிகாலிட்டிக் கேள்வியாகவும், அதாவது தொடர்வினை தானே தொடங்கிவிடுமா என்ற கேள்வியாகவும், இருக்கலாம்.

"அந்தக் குழாயைச் சுத்தம் செய்து ரொம்ப நாளாச்சு" என்ற புகாரும் அதே ரகம். தென் கரோலினாவின் கொலம்பியா எரிபொருள் ஆலையில் 2016-இல், வெளியேறும் காற்றைக் கழுவும் ஸ்கிரப்பர் ஒன்றைத் திறந்தபோது, 29 கிலோ வரம்புள்ள இடத்தில் 87 கிலோ யுரேனியம் படிந்திருந்தது. அங்கே அவ்வளவு சேராது என்று தாளில் எழுதியிருந்ததை நம்பிவிட்டார்கள். நம் கல்பாக்கத்திலும், எரிபொருள் மறுசுத்திகரிப்பு ஆலையில் 2003 ஜனவரியில், வால்வு பழுதானது தெரியாமல் குறைந்த வீரியக் கழிவு என்று நினைத்து மாதிரி எடுக்கப் போனவர்கள் உட்பட ஆறு பேருக்கு வரம்பை மீறிய கதிர்வீச்சு பட்டது.

ஆலையை விட்டுப் புறப்படும் முன் அவசரகால அலமாரியைத் திறந்து, ஹைட்ரஜன் புளூரைடு தோலில் பட்டால் தடவும் கால்சியம் குளுக்கோனேட் ஜெல்லை எடுத்துப் பார். டியூபில் தேதி இருக்கும். ஒன்றைப் பிதுக்கிப் பார், காய்ந்திருக்கும். சாவி யாரிடம், இரவு ஷிப்டில் அவர் இருப்பாரா என்றும் கேட்டு எழுதிக்கொள்.

வேளைக்குச் சாப்பிடு. ஆலைக்குள் போகும்போது மோதிரம், வளையலைக் கழற்றி ஓட்டலிலேயே வைத்துவிடு.

அம்மா